சோப்புக்காரர் வீட்டைப் பங்களா என்று சொல்லலாமா?

3 பிப்ரவரி, காலை

கலிபோர்னியாவின் பாஸடீனாவில் இருக்கும் கேம்பிள் வீட்டின் படம் ஒன்றைப் போன வாரம் போட்டிருந்தேன். அதற்கு ஒரு வாசகர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

“அமெரிக்காவில் பங்களா என்றால் ஏழை எளியவர் வாங்கக்கூடிய சின்ன வீடு என்கிறார்கள். இது எட்டாயிரம் சதுர அடி, மேலே மாடிக்கு மாடி. இதையும் கிராஃப்ட்ஸ்மேன் பங்களா என்கிறார்கள். எது சரி? சோப்பு விற்ற காசில் கட்டிய மாளிகைக்குக் கைவினை வீடு என்று பெயர் வைத்துவிட்டால் ஆயிற்றா?”

இரண்டு கேள்வி, ஒரு குத்தல். வேலை முடித்துவிட்டு வருகிறேன்.

3 பிப்ரவரி, இரவு

முதல் கேள்வி சொல்லைப் பற்றியது. பங்களா வங்காளத்திலிருந்து வந்த சொல். அங்கே அது தாழ்ந்த கூரையும் தாழ்வாரமும் உள்ள எளிய வீடு. வெள்ளைக்காரர்கள் அந்த அமைப்பை எடுத்துத் தங்களுக்கு வசதியாகப் பெரிதாக்கிக் கட்டிக்கொண்டார்கள். அதனால்தான் நமக்குப் பங்களா என்றதும் கலெக்டர் பங்களாவும் பேய் பங்களாவும் ஞாபகம் வருகிறது. கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் சொல் மறுபடி இளைத்துவிட்டது. ஒன்று அல்லது ஒன்றரை மாடி, முன்னால் அகலமான திண்ணை, தாழ்வான கூரை, மறைக்காத மரச் சட்டங்கள். சின்ன வீடு. (நம் ஊர் அர்த்தத்தில் இல்லை.)

பாஸடீனாவிலேயே ‘பங்களா ஹெவன்’ என்று ஒரு பேட்டை இருக்கிறது. 1989இல் அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். எண்ணூறுக்கு மேல் வீடுகள், எல்லாம் அடக்கமானவை. வாசகர் கேட்கும் பங்களா அங்கேதான் இருக்கிறது.

கேம்பிள் வீட்டை வடிவமைத்துக் கட்டிய கட்டிடக் கலைஞர்கள் சார்லஸ் கிரீன், ஹென்றி கிரீன் சகோதரர்கள் 1907 முதல் 1909 வரை கையில் எடுத்த நான்கு வீடுகளை ‘அல்டிமேட் பங்களா’ என்பார்கள். பாஸடீனாவில் பிளாக்கர் வீடும் கேம்பிள் வீடும், ஓஹாயில் பிராட் வீடு, பெர்க்லியில் தார்சன் வீடு. அதாவது பங்களாவுக்கெல்லாம் பங்களா. அமெரிக்கக் கணக்கில் பார்த்தால் அந்தப் பெயர் கொஞ்சம் இடிக்கும். தமிழ்க் கணக்கில் கச்சிதம்.

4 பிப்ரவரி

சோப்பு. ஆமாம், அதே பிராக்டர் அண்ட் கேம்பிள்தான். 1837இல் சின்சினாட்டியில் மெழுகுவர்த்தி செய்தவர் பிராக்டர், சோப்பு செய்தவர் ஜேம்ஸ் கேம்பிள். இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். சகலைகள் சேர்ந்து தொடங்கிய கடை இத்தனை நாள் நிலைத்ததே ஓர் அதிசயம். என் குடும்பத்தில் சகலைகள் சேர்ந்து போட்ட சீட்டு மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை.

வீட்டைக் கட்டச் சொன்னவர் அந்த ஜேம்ஸின் மகன் டேவிட் கேம்பிள். 1895இல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். குளிர்காலத்துக்கு மட்டும் பாஸடீனா வந்து போய்க்கொண்டிருந்த குடும்பம் 1907இல் வெஸ்ட்மோர்லண்ட் பிளேஸ் என்ற சின்னத் தெருவில் மனை வாங்கியது. ‘மில்லியனர்ஸ் ரோ’ என்று பேர் பெற்ற ஆரஞ்சு குரோவ் தெரு பக்கத்திலேயே இருந்தும் அங்கே வாங்கவில்லை. அந்தச் சமயம் அருகில் வேறொருவருக்குக் கிரீன் சகோதரர்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பழக்கம்.

1908 பிப்ரவரியில் வரைபடம் முடிந்தது, மார்ச்சில் பள்ளம் தோண்டினார்கள், பத்தே மாதத்தில் வீடு எழுந்தது. நடுவில் கேம்பிள் குடும்பம் சீனா, ஜப்பான் பக்கம் சுற்றப் போய்விட்டது! வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். இவர் கட்டியும் பார்க்கவில்லை, கப்பலில் இருந்தார். ஆகவே குத்தல் சரிதான்: வீடு கிரீன்களுடையது, கேம்பிள் செய்தது காசோலையில் கையெழுத்துப் போட்டது மட்டும்.

6 பிப்ரவரி

மரத்தைப் பற்றி எழுதாமல் இந்த வீட்டைப் பற்றி எழுதுவது உப்பில்லாமல் சமைப்பது மாதிரி. என் அப்பா காரைக்குடிப் பக்கம் ஆசாரி. நான் உளி பிடிக்காமல் கீபோர்டு பிடித்தவன். இருந்தாலும் நிலையைப் பார்த்தால் என் கை தானாக அதைத் தடவப் போகும். கேம்பிள் வீட்டுக்குள் போனபோது வழிகாட்டி அம்மாள் முதலில் சொன்னதே “எதையும் தொடாதீர்கள்”. எனக்கு அது தண்டனை.

வாசல் கதவே தேக்கு. கதவு முழுவதும் வண்ணக் கண்ணாடி பதித்து, ஒரு கலிபோர்னியா ஓக் மரத்தை அகலமாகப் படர விட்டிருக்கிறார்கள். கண்ணாடி வேலை செய்தவர் எமில் லாங்கே என்ற கைவினைஞர். நான் போனது வெயில் தாழ்ந்த நேரம். மேற்கிலிருந்து வந்த வெளிச்சம் வீட்டைக் கடந்து கதவின் உட்பக்கத்தில் விழ, மரத்தின் இலையெல்லாம் தேன் நிறமானது. கூட்டத்தில் ஒருவரும் ஒரு நிமிடம் பேசவில்லை.

கூடத்தில் பர்மா தேக்கு. இதைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். அதே காலத்தில்தான் எங்கள் பக்கத்து நகரத்தார் வீடுகளுக்கும் பர்மா தேக்கு வந்து இறங்கியது. ஒரே காட்டு மரம், ஒன்று கிழக்கே பாஸடீனா போனது, ஒன்று மேற்கே கானாடுகாத்தான் வந்தது. சாப்பாட்டு அறை மகோகனி. வெளிச்சுவர் முழுக்கச் செம்மரச் சீவல்கள், பாசி நிறச் சாயம் ஏற்றியது. ஓர் ஆணி இல்லை, எல்லாம் மரத்தோடு மரம் கோத்த வேலை.

6 பிப்ரவரி, நள்ளிரவு

‘செம்மரம்’ என்று எழுதியதும் மூன்று பேர் “திருப்பதியிலிருந்தா கடத்தினார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். தவறு என்னுடையது. அது ரெட்வுட், கலிபோர்னியாவில் வானளாவ வளரும் ஊசியிலை மரம். நம் செம்மரத்துக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. போலீஸை அழைக்க வேண்டாம்.

7 பிப்ரவரி

இன்னொரு திருத்தம், இது பெரியது. ‘ஓர் ஆணி இல்லை’ என்று எழுதினேன் அல்லவா, அது பொய். அந்த வீட்டைப் பற்றி ஊரே சொல்லும் பொய், நானும் நம்பிவிட்டேன்.

இணைப்புகளில் சதுரமாகக் கறுப்பு முளைகள் தெரியும். கருங்காலிக் கட்டை. ஓரங்களை மழுக்கி, மரப்பரப்பை விட ஒரு மயிரிழை உயரமாக, சின்னத் தலையணை மாதிரி நிற்கும். பார்த்தால் மரஆணி அடித்து இறுக்கியது போலவே இருக்கிறது. பல இடங்களில் அந்த முளைக்கு அடியில் இருப்பது திருகாணி! முளை என்பது மூடி. சில இடங்களில் திருகாணிக்குத் துளையை நீளவாக்கில் விட்டிருக்கிறார்கள், வெயிலுக்கும் ஈரத்துக்கும் பலகை விரிந்து சுருங்க இடம் வேண்டுமே. வெளியே பெரிய உத்தரங்களை இரும்புப் பட்டை போட்டு வளைத்து, ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்கள். அதை மறைக்கவே இல்லை.

அப்பாவிடம் போனில் சொன்னேன். அவருக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்தேன். “பலகை அசைய இடம் விட்டிருக்கான்ல, அப்புறம் என்ன? அசைய விடாம ஆணி அடிச்சவன்தான் திருடன்” என்றார்.

கருங்காலி மாலை வியாபாரிகள் இந்தப் பக்கம் வர வேண்டாம். வீடு நூறு வருடம் தாண்டி நிற்பதற்குக் காரணம் கருங்காலியின் அதிர்வலை இல்லை.

9 பிப்ரவரி

“கட்டிடக் கலைஞர்களுக்கு இவ்வளவு தச்சு எப்படித் தெரியும்?” என்று கேட்டவருக்கு: சகோதரர்கள் படித்தது செயின்ட் லூயிஸில் கைத்தொழில் பயிற்சிப் பள்ளியில். பாடத்தோடு தினமும் பட்டறை, மரமும் உலோகமும். அதற்குப் பிறகுதான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் எம்ஐடியில் கட்டிடக்கலை. 1893இல் பெற்றோர் இருந்த பாஸடீனாவுக்கு வரும் வழியில் சிகாகோ உலகக் கண்காட்சியில் இறங்கினார்கள். ஜப்பான் அரசு அங்கே ஒரு மரக்கோயில் மாதிரி மண்டபம் கட்டியிருந்தது. அதன் பாதிப்பு இந்த வீட்டின் இறவாரத்தில் தெரிகிறது. கைமரங்களின் நுனி கூரையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அழகுதான். ஆனால் மழை முதலில் கடிப்பது அந்த நுனியைத்தான். பின்னால் பல நுனிகள் உளுத்துப்போய்ப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது.

பின்பக்க மேடைச் சுவரில் ஆற்றுப் பாறைகளுக்கு நடுவே கோணல் மாணலான கறுத்த செங்கல். சூளையில் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்து அதிகமாக வெந்து உருகியவை. நம் ஊர்ச் சூளையில் அதை ஒதுக்கிப் போடுவார்கள், அஸ்திவாரத்தில் கொட்டுவார்கள். இங்கே கோடீஸ்வரர் வீட்டு மேடையில்.

மாடிப் படுக்கையறைகளை ஒட்டித் திறந்த தாழ்வாரங்கள் உண்டு, இரவில் படுக்க. திறந்த காற்று காசநோய்க்கு நல்லது என்று எல்லோரும் நம்பிய காலம். மொட்டை மாடியில் பாய் விரித்துத் தூங்கி வளர்ந்தவனுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை, கொசு இல்லாததைத் தவிர.

12 பிப்ரவரி

4ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படித்தேன். ‘காசோலையில் கையெழுத்து மட்டும்’ என்று எழுதியது எனக்கே உறுத்துகிறது. இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று சமையலறை. அதில் கேம்பிள் குடும்பத்தார் நின்று வேலை செய்திருக்கப்போவதில்லை, சமையல்காரர்கள் புழங்கிய இடம். அங்கேயும் மேப்பிள் மரத்தில் கூடத்துக்கு இணையான வேலை. நடுவில் ஒரு பெரிய மேசை, இழுப்பறைகள் இரண்டு பக்கமும் திறக்கும். எதிரெதிரே நின்று வேலை செய்யும் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் சுற்றி வராமல் கரண்டியை எடுத்துக்கொள்ளலாம். இதற்கும் பணம் கொடுக்கச் சம்மதித்த வீட்டுக்காரரை வெறும் பணப்பை என்று தள்ளிவிட முடியவில்லை. வேலைக்காரர் பக்கம் வந்ததும் மட்டமான மரத்துக்குத் தாவும் வீடுகளை எத்தனை பார்த்திருக்கிறோம். செட்டிநாட்டில்கூட முதல் கட்டுத் தூணின் பளபளப்பு கடைசிக் கட்டுக்கு வராது.

இரண்டாவது, அவர்கள் அதை வைத்திருந்த விதம். டேவிட் 1923இல் இறந்தார், அவர் மனைவி மேரி 1929இல். மேரியின் தங்கை ஜூலியா அக்காவோடு வந்து தங்கியவர், 1943இல் தாம் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். இந்த வீட்டைப் பற்றிப் பேசும் யாரும் சின்னம்மா ஜூலியாவைக் கண்டுகொள்வதில்லை. என் கணக்கில் அவர்தான் நடுவில் நின்ற தூண். ஏனென்றால் அந்த வருடங்களில்தான் இந்த மாதிரி வீடுகள் ஃபேஷன் இழந்தன. ஊரில் அவனவன் மரத்தை மூடிக்கொண்டிருந்தான். கிரீன் சகோதரர்களுக்கே வேலை வற்றி, சார்லஸ் 1916இல் கார்மலுக்குப் போய்விட்டார்.

14 பிப்ரவரி

வெள்ளைப் பெயிண்ட் கதையைக் கேட்டார்கள். மகன் செசிலும் மருமகள் லூயிஸும் 1946இல் குடிவந்தார்கள். இடையில் விற்றுவிடலாமா என்று யோசித்து ஆட்களுக்குக் காட்டினார்கள். பார்க்க வந்தவர்கள் உள்ளே நின்றுகொண்டு, “இருட்டாக இருக்கிறது, மரத்துக்கெல்லாம் வெள்ளை அடித்துவிடலாம்” என்று பேசிக்கொண்டார்கள். அதோடு விற்கும் பேச்சு முடிந்தது. 1966இல் குடும்பம் அந்த வீட்டைத் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோடு ஓர் ஏற்பாட்டில் பாஸடீனா நகரத்துக்கே கொடுத்தது. 1977இல் தேசிய வரலாற்றுச் சின்னம். பல ஆண்டுகள் கட்டிடக்கலை மாணவர்கள் இரண்டு பேரை வருடத்துக்கு வருடம் அங்கேயே குடிவைத்தார்கள். தேர்வுக்குப் படிக்கக் கிடைத்த அறையைப் பாருங்கள்! எனக்குக் கிடைத்த ஹாஸ்டல் அறையில் விசிறி சுற்றினாலே திருவிழா.

இங்கே நிறுத்த வேண்டும், எங்கள் வீட்டு அநியாயம் ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரில் பெரியப்பா வீட்டு வாசல் நிலை தாத்தா செதுக்கியது. மேலே தாமரை, இரண்டு பக்கமும் கொடி. 1990களில் யாரோ ஒரு கல்யாணத்துக்காக வீட்டைப் பளிச்சென்று ஆக்கவேண்டும் என்று பச்சை எனாமல் அடித்தார்கள். அடித்தவர்களில் நானும் ஒருவன். பதிமூன்று வயது, ஒரு டப்பா பெயிண்ட், கையில் பிரஷ். தாமரை இதழ் இடுக்குகளில் பெயிண்ட் போகவில்லை என்று தடியான கோட்டாக நிரப்பியது சாட்சாத் நான்தான். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

15 பிப்ரவரி

மறுபக்கமும் தெரியவேண்டும் என்பதற்காகப் பிளாக்கர் வீடு. அதே சகோதரர்கள், அதே ஊர், இன்னும் பெரியது. 1985இல் வெளியூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் வாங்கினார். வாங்கிய சில நாளிலேயே நாற்பதுக்கு மேற்பட்ட விளக்குகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் கழற்றிக்கொண்டு போனார். அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை, அவர் வீடு அவர் விளக்கு. ஊர் கொதித்து எழுந்து, இப்படிக் கழற்றுவதைத் தடுக்க நகரசபை அவசர விதி கொண்டுவந்தது. பின்னால் வாங்கியவர்கள் அசல் கிடைக்காத இடத்துக்கெல்லாம் அச்சு அசலாக நகல் செய்து மாட்டினார்கள்.

எங்கள் பக்கத்தில் தூணும் கதவும் லாரி ஏறிப்போவதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். பழைய சாமான் தெருவில் அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்குகிறவருக்கு அது அலங்காரம். விற்கிற வீட்டில் பங்காளிகள் நாற்பது பேர், வெள்ளையடிக்க யார் காசு தருவது என்றே பஞ்சாயத்து. ஆகவே கேம்பிள் குடும்பத்தைத் தூக்கி வைக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது: அவர்களுக்கு விற்காமல் இருக்க வசதி இருந்தது.

15 பிப்ரவரி, சிறு குறிப்பு

ஆம், 1985இல் வந்த, காரில் ஏறிக் காலத்தில் பின்னால் போகும் ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ படத்தில் விஞ்ஞானியின் 1955ஆம் வருட வீடாக வெளிப்புறம் காட்டுவது இதே கேம்பிள் வீடுதான். பத்துப் பேர் கேட்டுவிட்டீர்கள். கதைப்படி அந்த வீடு எரிந்துபோகும். நிஜத்தில் பத்திரம்.

18 பிப்ரவரி

டேவிட் கேம்பிளின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தார் ஒருவர். சிட்னி கேம்பிள் 1908இல் அப்பா அம்மாவோடு முதல்முறை சீனா பார்த்தவர். அந்தப் பயணம் ஒட்டிக்கொண்டது. பின்னால் திரும்பத் திரும்பப் போய்ப் பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) மக்களின் வாழ்க்கையைக் கணக்கெடுத்துப் புத்தகம் எழுதினார், ஆயிரக்கணக்கில் படம் எடுத்தார். அந்த நெகட்டிவ்கள் அவர் இறந்து வெகுநாள் கழித்து வீட்டு அலமாரியில் மரப்பெட்டியில் கிடைத்தன. இப்போது டியூக் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. வீடு கட்டும்போது கப்பலில் சுற்றினார்கள் என்று கிண்டல் செய்தேனே, அந்தக் கப்பலின் பலன் இது.

இன்னொரு மகன் கிளாரன்ஸ், மருத்துவர். கருத்தடைக்காக நிறையச் செலவழித்தார், 1957இல் பாத்ஃபைண்டர் அமைப்பைத் தொடங்கினார். வடக்கு கரோலினாவில் ‘தகுதியற்றவர்’ என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு மலடாக்கும் அறுவைசிகிச்சை செய்வதை ஆதரித்துப் பணமும் பிரசாரமும் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அழகான மரவேலைக்கு நடுவில் வளர்ந்தால் மனம் அழகாகிவிடும் என்று இயந்திரப் பொருளை விடக் கைவேலையே மேல் என்ற அந்தக் காலக் கைவினை இயக்கத்தார் பேசுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

20 பிப்ரவரி

கேள்வி கேட்ட வாசகர் திரும்ப வந்திருக்கிறார். “கடைசியில் சரி என்கிறீர்களா, தப்பு என்கிறீர்களா?” என்கிறார்.

கைவினை வீடு என்பது பொய்யில்லை, அந்த முளையைப் பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். எளியவர் வீடு என்பது பொய். அந்த இயக்கத்தின் பேச்சு எளியவருக்கு, மணிக்கணக்கான கைவேலை செல்வருக்கு. எளியவர்கள் அஞ்சலில் பட்டியல் பார்த்து, ரயிலில் வெட்டிய மரமாக வந்திறங்கும் பங்களாவை வாங்கிக்கொண்டார்கள். அது தனி இழை போடவேண்டிய விஷயம். சோப்பு விற்ற காசு என்ற குத்தலை மட்டும் நான் பாதி திரும்பப் பெறுகிறேன். முதலில் முழுசாக ஒத்துக்கொண்டவன் நான்தான்.

2 மார்ச்

இந்த இழையைப் படித்துவிட்டுப் பெரியப்பா மகன் வாட்ஸ்அப்பில் பேசினான். “அண்ணே, நிலையைச் சுரண்டிப் பார்க்கவா?” என்றான். நெருப்பு வைத்துச் சுட்டு எடுக்காதே, மரம் கருகும், பெயிண்ட் கரைப்பானைத் தடவி, ஊறவிட்டு, மரத்தகடால் மெதுவாக எடு என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். இரும்புத் தகட்டை எடுத்தால் அவனைத் தொலைத்துவிடுவேன் என்றும் சேர்த்துச் சொன்னார்.

9 மார்ச்

படம் அனுப்பியிருக்கிறான். ஒரு சாண் அகலத்துக்கு எடுத்திருக்கிறான், தாமரையின் இடது பக்கம், என் கோடு தடியாக விழுந்த இடம். பச்சைக்குக் கீழே நீலம் வந்திருக்கிறது. நீலம் யார் அடித்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை, பெரியம்மா அப்பாவைச் சொல்கிறார், அப்பா பெரியம்மாவைச் சொல்கிறார். நீலத்துக்குக் கீழே காவி. தேக்கு இன்னும் வரவில்லை.